வாய் மூடாத பிள்ளைக்கு எது: நாக்குப் பயிற்சியா, டிரெய்னரா, கம்பியா, காத்திருப்பா?

ஏழு வயதுப் பிள்ளை. பல்லைக் கடிக்கச் சொன்னால் கடைவாய் சேர்கிறது, முன்பற்கள் சேரவில்லை. அந்த இடைவெளியில் நாக்கு நுனி எட்டிப் பார்க்கிறது. டி.வி. முன் உட்கார்ந்தால் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. ஒரு பல் மருத்துவர் டங் கிரிப் என்ற கம்பி வைத்து நாக்கைத் தடுக்கலாம் என்கிறார். இன்னொரு கிளினிக்கில் பல் வரிசையில் மாட்டிக்கொள்ளும் சிலிகான் டிரெய்னர் போடச் சொல்கிறார்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் ஆறு மாதப் பயிற்சி என்கிறார். பாட்டியோ, "வளர வளரச் சரியாயிடும், விடுங்க" என்கிறார்.

நால்வர் சொல்வதும் ஏதோ ஒரு பிள்ளைக்குச் சரிதான். உங்கள் பிள்ளைக்கு எது என்று பார்க்க வேண்டுமானால், நாக்கு ஏன் கீழேயும் முன்னேயும் கிடக்கிறது என்ற காரணத்திலிருந்து தொடங்க வேண்டும். காரணம் தெரியாமல் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பணமும் போகும், பிள்ளையின் பொறுமையும் போகும்.

## எதை வைத்து எடை போடுவது

மூக்கு திறந்திருக்கிறதா? எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி இது. மூக்கால் மூச்சு விட முடியாத பிள்ளை வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். வாய் திறந்தால் நாக்கு கீழே இறங்கும். வீட்டிலேயே பார்க்கலாம். குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியின் பின்புறத்தை மூக்குக்குக் கீழே பிடித்து, வாயை மூடி மூச்சுவிடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஆவி படிய வேண்டும். அடுத்து, ஒரு வாய் தண்ணீரை விழுங்காமல் வாயில் வைத்து, உதட்டை மூடி இரண்டு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். தவிக்காமல் உட்கார்ந்தால் காற்று போகும் வழி இருக்கிறது, வாய் திறப்பது பழக்கம். அரை நிமிடத்தில் துப்பினால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர், மற்றதெல்லாம் பிறகு. மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை பொதுவாக 3 முதல் 7 வயது வரை பெரிதாக இருக்கும், அதன் பிறகு சுருங்கத் தொடங்கும். தூசி ஒவ்வாமையால் மூக்கின் உள்சவ்வு வீங்கியிருந்தாலும் இதே நிலைதான். பெரும்பாலான இரவுகளில் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, தலையணை நனையும் அளவு வியர்ப்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவது ஆகியவை இருந்தால் நாள் கடத்த வேண்டாம்.

ஓய்வில் நாக்கு எங்கே இருக்கிறது? விழுங்கும்போது நாக்கு பல்லைத் தள்ளுகிறது, அதனால்தான் பல் தூக்கிக்கொள்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு நாளில் விழுங்குவது சுமார் ஆயிரம் முறை. ஒவ்வொரு முறையும் நாக்கின் அழுத்தம் ஒரு விநாடி. மொத்தம் பதினேழு நிமிடம்கூட வராது. பல் நகர வேண்டுமானால் மெல்லிய விசையாக இருந்தாலும் நாளில் சுமார் 6 மணி நேரமாவது நீடிக்க வேண்டும் என்பது பல் சீரமைப்புத் துறையில் ஏற்கப்பட்ட கணக்கு. ஆகவே பல்லை நகர்த்துவது சும்மா இருக்கும்போது நாக்கு படுத்திருக்கும் இடம். அது பள்ளி நேரமும் தூங்கும் நேரமும் சேர்ந்து பல மணி நேரம். எந்தச் சிகிச்சையையும் இந்த உரைகல்லில்தான் உரசிப் பார்க்க வேண்டும்: அது ஓய்வு நிலையை மாற்றுகிறதா, விழுங்குவதை மட்டும் மாற்றுகிறதா?

விரல் சப்பும் பழக்கம் உண்டா? விரல் உள்ளே இருக்கும் வரை நாக்கு மேலே போகாது. இரவில் மட்டும் சப்பினாலும் அது பல மணி நேரம்.

வயதும் பல்லும். குழந்தைப் பருவ விழுங்கல் மாறிப் பெரியவர்களைப் போல விழுங்குவது பல பிள்ளைகளிடம் 4 முதல் 6 வயதுக்குள் தானாக நடக்கிறது, சிலரிடம் இன்னும் தாமதமாக. மேல் முன் நிரந்தரப் பற்கள் 7, 8 வயதில் முளைத்து வரும்போது தற்காலிக இடைவெளி இருப்பது இயல்பு.

எலும்பா, நாக்கா? முன்பல் இடைவெளி மட்டும் இருப்பது ஒன்று. கடித்தால் கடைசிக் கடைவாய்ப் பற்கள் மட்டும் தொட்டு மற்ற எல்லாப் பற்களும் விலகி நிற்பதும், முகத்தின் கீழ்ப்பாதி நீண்டு தெரிவதும் வேறு. பின்னது தாடை வளர்ச்சியின் போக்கு. பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துப் பல் சீரமைப்பு நிபுணர் சொல்ல வேண்டியது. நாக்குப் பயிற்சியால் எலும்பு திரும்பாது.

நாக்கு மேலே எட்டுகிறதா? வாயை முழுவதும் திறக்கச் சொல்லி, மேல் கீழ் முன்பல் இடைவெளியை அளவுகோலால் அளக்கவும். பிறகு நாக்கு நுனியை மேல் முன்பல்லுக்குப் பின்னால் வைத்தபடி எவ்வளவு திறக்க முடிகிறது என்று அளக்கவும். முதல் அளவு 40 மி.மீ., இரண்டாவது 20-க்குக் கீழே என்றால் நாக்கின் அடிச்சவ்வு பிடித்திழுக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

கடைசியாக வீட்டு நிலவரம். தினமும் பத்து இருபது நிமிடம், ஆறு மாதம், கண்ணாடி முன் பிள்ளையோடு உட்கார ஆள் இருக்கிறாரா? கேட்கச் சங்கடமான கேள்விதான். ஆனால் பயிற்சி சிகிச்சை பலன் தருமா என்பதைப் பெரும்பாலும் இதுதான் தீர்மானிக்கிறது.

## ஒரே பார்வையில்

| | காத்திருத்தல் | பயிற்சி சிகிச்சை | சிலிகான் டிரெய்னர் | டங் கிரிப் கம்பி |
|---|---|---|---|---|
| ஏற்ற வயது | மேல் முன்பற்கள் முழுக்க இறங்கும் வரை, சுமார் 8 | 5, 6-க்கு மேல், சொன்னதைச் செய்யும் பிள்ளை | பொதுவாக 5 முதல் 10 | ஆறு வயதுக் கடைவாய்ப் பல் முளைத்த பின் |
| மூக்கடைப்பு இருந்தால் | காத்திருக்கக் கூடாது | பலன் இல்லை | அணியவே முடியாது | வைக்கலாம், மூலகாரணம் அப்படியே இருக்கும் |
| விரல் சப்பினால் | 4 வயது வரை சரி | விரலை விட்ட பிறகே | இரவில் ஓரளவு தடுக்கும் | மிகப் பொருத்தம் |
| பிள்ளையின் உழைப்பு | இல்லை | மிக அதிகம் | நடுத்தரம் | மிகக் குறைவு |
| பெற்றோரின் உழைப்பு | கவனித்தல் மட்டும் | தினமும் 10–20 நிமிடம் | இரவுக் கண்காணிப்பு | பல் சுத்தம் |
| காலம் | 6 மாதத்துக்கு ஒரு பார்வை | 6–12 மாதம் | 1–2 ஆண்டு, கட்டம் கட்டமாக | 6–12 மாதமும், மூடிய பின் சில மாதமும் |
| செலவின் வடிவம் | ஏறக்குறைய இல்லை | ஒவ்வொரு அமர்வுக்கும் நூறுகளில் | ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆயிரங்களில் | ஒரே முறை ஆயிரங்களில், கழன்றால் மறுபடி |
| பழையபடி திரும்பும் வாய்ப்பு | – | பழக்கமாக்கும் கட்டத்தை விட்டால் அதிகம் | நிறுத்தியதும் திரும்பலாம் | பயிற்சி சேராவிட்டால் உண்டு |

## காத்திருத்தல்

ஐந்து வயதுப் பிள்ளை, மூக்கு திறந்திருக்கிறது, பேச்சு புரிகிறது, விரல் பழக்கம் நின்றுவிட்டது, பால் பற்களில் சின்ன இடைவெளி. இங்கே பாட்டி ஜெயிக்கிறார். நிரந்தர முன்பற்கள் முழுதாக இறங்குவதற்குள் விரல் பழக்கம் நின்றுவிட்டால் இடைவெளி தானாக மூடிக்கொள்வது அடிக்கடி நடப்பது. இந்த வயதில் கம்பி வைப்பது அவசரம்.

மறைமுகச் செலவு என்றால், காத்திருப்பது மெல்ல மறந்துபோவதாக மாறிவிடும். அதற்கு ஒரு வழி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், பல்லைக் கடித்து உதட்டை விலக்கி நேராக ஒரு படம், பிள்ளைக்குத் தெரியாமல் டி.வி. பார்க்கும்போது பக்கவாட்டில் ஒரு படம். இரண்டு பார்வையில் இடைவெளி பெரிதாகியிருந்தாலோ, 8 வயதில் மேல் முன்பற்கள் முழுக்க இறங்கியும் ஒட்டாவிட்டாலோ காத்திருப்பு முடிந்தது. குறட்டை உள்ள பிள்ளைக்கு இந்தத் தேர்வே கிடையாது.

## பயிற்சி சிகிச்சை

மையோஃபங்ஷனல் தெரபி என்று கிளினிக்குகளில் சொல்வது இதைத்தான். தசைப் பயிற்சியால் பல் வரிசையைக் காக்கலாம் என்ற எண்ணம் புதிதல்ல. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் ஆல்ஃபிரட் ராஜர்ஸ் 1918-லேயே முகத்தசைப் பயிற்சிகளை எழுதிவைத்தார். பெயரைக் கேட்டால் நாக்குக்கு உடற்பயிற்சிக்கூடம் போலத் தோன்றும். உண்மையில் நாக்கைத் தள்ளும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நாக்கில் பலம் இருக்கிறது, இடம்தான் தெரியவில்லை. ஆகவே நல்ல பயிற்சியின் பெரும்பகுதி எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் வைப்பது என்பதைப் பற்றியதாக இருக்கும். "நாக்கை வெளியே நீட்டு, இடம் வலம் ஆட்டு" என்பதையே மாதக்கணக்கில் செய்யவைக்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். முன்னே வரும் நாக்கை மேலும் முன்னே வரப் பழக்குவதில் என்ன லாபம்?

வழக்கமான ஏற்பாடு: முதல் ஆறு முதல் எட்டு வாரம் வாரம் ஒருமுறை அரை மணி நேர அமர்வு, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, கடைசியில் மாதம் ஒன்று. வீட்டில் தினம் இரண்டு வேளை, வேளைக்கு 5 முதல் 10 நிமிடம்.

முதல் கட்டம், இடம். மேல் முன்பற்களுக்குப் பின்னால் ஈறில் சின்ன மேடு ஒன்று தட்டுப்படும். தெரபிஸ்டுகள் ஸ்பாட் என்பார்கள். ஐஸ்கிரீம் குச்சி நுனியில் துளி ஜாம் தொட்டு அந்த மேட்டில் வைத்து, நாக்கு நுனியால் தொடச் சொல்லுங்கள். 10 விநாடி, 10 முறை. பல்லைத் தொட்டால் கணக்கில் சேர்க்க வேண்டாம். நாக்கு உயரும்போது கீழ்த்தாடையும் கூடவே மேலே வந்தால், நாக்கின் வேலையைத் தாடை செய்துவிடுகிறது என்று பொருள். கடைவாய்ப் பற்களுக்கு நடுவே இரண்டு ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிக் கடிக்கவைத்தால் தாடை அசையாது, நாக்கு தானாக எழ வேண்டியிருக்கும். குறுகலான நுனியை மேலே வைப்பது சுலபம். பின்னாக்கு கீழேயே கிடக்கும். அது அடுத்த கட்டத்துக்கான வேலை.

இரண்டாம் கட்டம், ஒட்டுதலும் உதடும். முழு நாக்கையும் மேலண்ணத்தில் உறிஞ்சி ஒட்டவைத்து "டொக்" என்று விடுவிப்பது, 15 முறை. சத்தம் தெளிவாக, வெடிப்பாக வர வேண்டும். "ச்சு" என்று சப்பையாக வந்தால் நுனி மட்டும் ஒட்டியிருக்கிறது. பிறகு விடுவிக்காமல், ஒட்டியபடியே வாயைத் திறந்து 5 விநாடியில் தொடங்கி 10 விநாடி வரை. நாக்கின் இரண்டு விளிம்பும் மேலே ஒட்டியிருக்கிறதா என்று கண்ணாடியில் பிள்ளையே பார்க்கட்டும்.

உதட்டுக்குப் பொத்தான். கோட்டுப் பொத்தான் அளவு, சுமார் 2.5 செ.மீ. அகலம், இரண்டு துளையிலும் கோத்து முடிச்சிட்ட, கைநீளக் கெட்டி நூல். பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே பொத்தானை வைத்து, நூலை நேராக மெல்ல இழுக்கவும். பிள்ளை உதட்டால் பிடித்து நிறுத்த வேண்டும். 10 விநாடி, 5 முறை. நூலை எப்போதும் பெரியவர்தான் பிடிக்க வேண்டும். நூல் கட்டாத பொத்தானைப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது, தொண்டைக்குள் போய்விடும். இந்தப் பயிற்சியில் முகவாயைக் கவனியுங்கள். ஆரஞ்சுத் தோல் போலக் குழிகுழியாகச் சுருங்கினால் உதட்டின் வேலையை முகவாய்த் தசை செய்கிறது. இழுப்பைக் குறைத்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வீட்டுப் பாடம் எழுதும்போது உதடுகளுக்கு நடுவே ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்திருக்கச் சொல்வது இதைவிட எளிது. ஒரு நிமிடத்தில் தொடங்கிப் பத்து நிமிடம் வரை கூட்டலாம். காகிதம் நழுவி விழுந்தால் உதடு திறந்துவிட்டது.

மூன்றாம் கட்டம், விழுங்குதல். ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மி.லி. தண்ணீர். நாக்கு ஸ்பாட்டில், கடைவாய் சேர்ந்து, உதடு சிரிப்பதுபோல விலகி: இந்த நிலையில் விழுங்க வேண்டும். பல்லிடுக்கில் தண்ணீர் வழிந்தால் நாக்கு முன்னே வந்துவிட்டது. தண்ணீர் சரியானதும் தயிர், பிறகு வாழைப்பழம் அல்லது இட்லி, கடைசியாகப் பிஸ்கெட். நம் வீடுகளில் சொம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கும் வழக்கத்தை இந்தச் சோதனைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். வாய் திறந்தபடி விழுங்குவது வேறு இயக்கம், அதைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. நாக்கு நுனியில் சின்ன ரப்பர் வளையம் வைத்து விழுங்கும் பயிற்சியைச் சில தெரபிஸ்டுகள் தருவார்கள். அது கிளினிக்கில், பெரிய பிள்ளைகளுக்கு மட்டும்.

நான்காம் கட்டம், பழக்கமாக்குதல். பெரும்பாலான வீடுகளில் சிகிச்சை தோற்பது இங்கேதான். மூன்றாவது மாதத்தில் கண்ணாடி முன் பிள்ளை எல்லாவற்றையும் அழகாகச் செய்து காட்டும். பெற்றோருக்கு முடிந்துவிட்டது என்ற எண்ணம் வரும், அமர்வுகளை நிறுத்திவிடுவார்கள். அதே பிள்ளை மாலையில் கார்ட்டூன் பார்க்கும்போது வாய் திறந்திருக்கும். மேலே சொன்ன ஆறு மணி நேரக் கணக்கு இன்னும் நாக்கின் பழைய இடத்துக்கே சாதகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டத்தில் பயிற்சி குறைவு, நினைவூட்டல் அதிகம்: தண்ணீர் பாட்டிலில் ஒரு ஸ்டிக்கர், டி.வி. ரிமோட்டில் ஒன்று, ஸ்கூல் டப்பாவில் ஒன்று. அதைப் பார்த்தால் மூன்று காரியம்: உதடு மூடு, நாக்கு மேலே, மூச்சு மூக்கில். "வாயை மூடு, வாயை மூடு" என்று நாள் முழுக்க அதட்டுவது வேலை செய்யாது. பிள்ளை உதட்டை இறுக்கிக்கொள்ளும், நாக்கு கீழேயே கிடக்கும். இரவில் வாயில் டேப் ஒட்டும் வேடிக்கையைப் பிள்ளைகளிடம் செய்யவே வேண்டாம்.

மறைமுகச் செலவு பணத்தைவிட நேரம்தான். மாவட்டத் தலைநகரத்தில் மட்டும் தெரபிஸ்ட் இருக்கும் குடும்பத்துக்கு ஒவ்வொரு அமர்வும் ஒரு நாள் சம்பளம், ஒரு நாள் பள்ளி. முதல் இரண்டு அமர்வை நேரில் முடித்து, நடுவில் சிலவற்றை வீடியோ அழைப்பில் வைத்துக்கொள்ள முடியுமா என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். நாக்கு எங்கே ஒட்டுகிறது என்று முதலில் நேரில்தான் பார்க்க வேண்டும். பிறகு ஃபோன் போதும்.

எப்போது இதுவே சிறந்தது: மூக்கு திறந்திருக்கும், விரல் பழக்கம் விட்டுவிட்ட, 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, அடினாய்டு அறுவை முடிந்தும் வாய் திறக்கும் பழக்கம் மட்டும் மிச்சமிருக்கும் பிள்ளை, கம்பி போட்டுப் பல் மூடி, மறுபடி திறக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளை. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் பிரச்சினைக்கும் இது துணையாகும். 2015-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில் மூச்சுத் தடங்கல்களின் எண்ணிக்கை பெரியவர்களிடம் சுமார் 50 சதவீதமும் குழந்தைகளிடம் 62 சதவீதமும் குறைந்திருந்தது. ஆனால் குழந்தைகள் பகுதி இரண்டே ஆய்வுகள், 25 பிள்ளைகள். அதை நம்பி, மருத்துவர் சொன்ன டான்சில் அறுவையைத் தள்ளிப்போடும் அளவுக்கு அது பெரிய சான்று அல்ல.

## சிலிகான் டிரெய்னர்

மேல், கீழ் இரண்டு பல் வரிசையும் உட்காரும் மென்மையான அச்சு. முன்பல்லுக்குப் பின்னால் நாக்கு நுனியை வைக்க ஒரு சிறு நீட்டம் இருக்கும். கீழே நாக்கு இறங்காமல் ஒரு தடுப்பு. அளவு எடுத்துச் செய்வதல்ல. வயதுக்கும் பல் நிலைக்கும் ஏற்ப ஆயத்த அளவுகளில் வருவது. பகலில் ஒரு மணி நேரம் விழித்தபடி, இரவு முழுக்கத் தூக்கத்தில்.

நாக்கு கீழே கிடக்கும் இரவு நேரத்தைக் கைப்பற்றுவது இதன் பலம். தூக்கத்தில் நாக்கை நேரடியாகப் பிடித்துவைக்கப் பயிற்சியால் முடியாது, டிரெய்னரால் முடியும். பலவீனம், அது வாயில் இருந்தால்தான் வேலை. முதல் இரண்டு மூன்று வாரம் காலையில் தலையணைக்கடியில் கிடக்கும், எச்சில் வழியும். அது இயல்பு. ஒரு மாதத்துக்குப் பிறகும் தினமும் விழுந்தால் மூக்கு மறுபடி அடைத்திருக்கலாம், அல்லது பகல் ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டிருப்பார்கள். பகலில் உதட்டை மூடிப் பிடிக்கப் பழகாத வாய் இரவில் பிடிக்காது. அந்த ஒரு மணி நேரத்தில் பேசக் கூடாது, சாப்பிடக் கூடாது. ஆன்லைன் வகுப்பு நேரத்தில் போடலாம் என்பது நடக்காத கணக்கு.

மறைமுகச் செலவுகள்: ஒன்றோடு முடியாது, கட்டம் மாற அடுத்தது வாங்க வேண்டும். மென்று துளை போடும் பிள்ளைக்கு ஒரே கட்டத்தில் இரண்டு தேவைப்படலாம். வெந்நீரில் போட்டால் வடிவம் மாறும். சாதா தண்ணீரில் பிரஷ்ஷால் கழுவினால் போதும். இணையத்தில் மலிவாக வாங்கி, பிள்ளையின் பல் நிலை பார்க்காமல் போடுவது பெரிய நஷ்டம். ஆடும் பால் பல்லும் பாதி முளைத்த பல்லும் ஒத்துழைக்காது. வலித்ததும் பிள்ளை சாதனத்தையே வெறுத்துவிடும். இது வந்தால் பிற்காலத்தில் கிளிப் தேவையே இல்லை என்று யாராவது உறுதி கொடுத்தால் சற்றுத் தள்ளி நில்லுங்கள். தாடை அளவில் குறை உள்ள பிள்ளைக்குப் பல் சீரமைப்பு பின்னால் தேவைப்படும்.

எப்போது சிறந்தது: பகலில் வாய் மூடுகிறது, இரவில் மட்டும் திறக்கிறது என்ற பிள்ளைக்கு, தெரபிஸ்டிடம் அடிக்கடி போக முடியாத, ஆனால் இரவு உறங்கும் முன் கவனிக்க ஆள் உள்ள வீட்டுக்கு. பகல் பயிற்சியோடு சேர்த்தால் இன்னும் நல்லது. தனியாகக் கொடுத்து அனுப்புகிறவர்களைவிட, கூடவே நாக்குப் பயிற்சியும் சொல்லித் தருகிறவர்களைத் தேர்ந்தெடுங்கள்.

## டங் கிரிப்

இரண்டு மேல் கடைவாய்ப் பற்களில் வளையம் சிமென்ட் வைத்து ஒட்டி, அவற்றை இணைக்கும் கம்பியிலிருந்து முன்பற்களுக்குப் பின்னால் சின்ன வேலி தொங்கும். விரலும் நாக்கும் அந்த இடத்துக்கு வர முடியாது. 24 மணி நேரமும் வாயில் இருப்பதால் பிள்ளையின் ஒத்துழைப்பைக் கேட்பதில்லை. ஆறு மணி நேரக் கணக்கில் இதற்குச் சிரமமே இல்லை.

8 வயதிலும் விரல் சப்புவதை விட முடியாத, ஆனால் விட வேண்டும் என்று தானே விரும்பும் பிள்ளைக்கு இதற்கு இணை இல்லை. விரும்பாத பிள்ளைக்குத் தண்டனையாக வைத்தால் கம்பியை வளைத்துப் பிடுங்கும். வேலிக்குப் பதிலாக நாக்கால் உருட்டும் மணி கோத்த வகையும் உண்டு, ப்ளூகிராஸ் என்பார்கள். சின்னப் பிள்ளைகள் இதைச் சுலபமாக ஏற்றுக்கொள்கிறார்கள், நாக்குக்கும் விளையாட வேலை கிடைக்கிறது.

முதல் சில நாட்கள் பேச்சு குழறும், சாப்பாடு மெதுவாகும். பள்ளியில் வாய்விட்டுப் படிக்கும் தேர்வோ மேடைப் பேச்சோ இருக்கும் வாரத்தில் வைக்காதீர்கள், லீவு தொடங்கும்போது வையுங்கள். முதல் வாரம் ரசம் சாதம், தயிர் சாதம், இடியாப்பம் போதும். சூயிங்கம், ஜவ்வு மிட்டாய், முறுக்கு மூன்றும் வளையத்தைக் கழற்றும். கழன்ற வளையத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அடியில் உணவு தங்கி அந்தக் கடைவாய்ப் பல் சொத்தையாகும். அது நிரந்தரப் பல், மறுபடி முளைக்காது. நாக்கில் கம்பித் தடம் தெரிவது பயப்பட வேண்டியதல்ல, எடுத்தபின் மறையும். புண்ணாகி ரத்தம் வந்தால் காட்டுங்கள்.

இதன் பெரிய ஓட்டை, தடுப்பு மட்டும் இருக்கிறது, கற்பித்தல் இல்லை. முன்னே வர முடியாத நாக்கு மேலே போகலாம், அல்லது கீழேயே ஒடுங்கிக் கிடக்கலாம். கீழே ஒடுங்கினால், கம்பி எடுத்த சில மாதத்தில் இடைவெளி திரும்பும். பல் மூடியவுடன் கழற்றச் சொல்லாதீர்கள்; 3 முதல் 6 மாதம் கூடுதலாக இருக்கட்டும், அந்த மாதங்களில் நாக்குப் பயிற்சியைத் தொடங்குங்கள். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று நினைக்கும் வீடுகளில், கம்பிக்கு முழுப் பணமும் செலவாகிப் பயிற்சிக்கு எதுவும் மிஞ்சாமல் போவது வழக்கம். பட்ஜெட் போடும்போதே ஆறு அமர்வுக்கான தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

## பிரச்சினை பேச்சு மட்டும் என்றால்

இங்கே பயிற்சி சிகிச்சை தவறான தேர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். ஊதுதல், உறிஞ்சுதல், நாக்கை ஆட்டுதல் போன்ற பேச்சில்லாத வாய்ப் பயிற்சிகள் உச்சரிப்பைத் திருத்தும் என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை என்பதே, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015 ஆய்வுத் தொகுப்பின் முடிவு. விசில் ஊதப் பழகினால் விசில் நன்றாக ஊதலாம். ஒலி வர வேண்டுமானால் அந்த ஒலியையே பயில வேண்டும்: தனி ஒலி, பிறகு சொல், பிறகு வாக்கியம், பிறகு உரையாடல்.

நாக்குத் தள்ளுவது பேச்சில் தெரிகிறதா என்று பார்க்க "சட்டை", "மாசம்", "பஸ்" என்று சொல்லச் சொல்லி முன்னாலிருந்து கவனியுங்கள். ஸகர ஒலியில் நாக்கு நுனி பல்லிடுக்கில் வெளியே தெரிந்தால் தொடர்பு உண்டு. "தம்பி", "நாய்" போன்றவற்றை வைத்துச் சோதிக்காதீர்கள். தமிழில் த, ந இரண்டுக்கும் நாக்கு பல்லைத் தொடத்தான் வேண்டும். ழகரம் வராததை நாக்குத் தசைக் குறையாக எண்ணி அழைத்து வருகிறவர்கள் ஏராளம். வீட்டில் அப்பாவும் பாட்டியும் "வாளப்பளம்" என்றோ "வாயப்பயம்" என்றோ சொன்னால் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். அதற்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை.

நாக்குத் தள்ளலும் ஸகரக் குழறலும் சேர்ந்தே இருந்தால் முதலில் நாக்கின் இடம், ஒரு மாதம் கழித்து ஒலி. இரண்டையும் ஒரே தெரபிஸ்ட் செய்தால் அமர்வு மிச்சமாகும்.

## மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள்

மேலே உள்ள அட்டவணை இவர்களுக்குப் பொருந்தாது. இங்கே நாக்கின் இடம் தெரியாதது மட்டும் சிக்கல் இல்லை. தசை இறுக்கமே குறைவாகவோ கூடுதலாகவோ இருக்கும். கண்ணாடி முன் எண்ணிச் செய்யும் பயிற்சி பலருக்கு ஆகாது. தொடங்க வேண்டியது உட்காரும் நிலையில்: இடுப்பும் முதுகும் தாங்கலோடு, கால் தரையில், தலை நேராக. தலை பின்னால் சாய்ந்தால் வாய் திறக்கும், விழுங்குவது ஆபத்தாகும். சாப்பிடும்போது இருமல், குரல் தண்ணீர் கலந்ததுபோலக் கரகரப்பது, அடிக்கடி நெஞ்சுச்சளி இருந்தால், பயிற்சிக்கு முன் விழுங்கும் பரிசோதனை. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு மேலண்ணத்தில் பொருத்தும் தூண்டல் தகடு ஒன்றை அர்ஜென்டினா மருத்துவர் காஸ்தியோ மொராலெஸ் உருவாக்கினார். கைக்குழந்தைப் பருவத்தில், பயிற்சியோடு சேர்த்து வைக்கப்படுவது அது. 4 வயதுக்குப் பிறகும் சட்டை நனையும் அளவு எச்சில் வடிந்தால் மருந்து வழிகளும் உண்டு. நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். சிலிகான் டிரெய்னரை, பிள்ளையால் தானே வெளியே எடுக்க முடியாது என்றால், இரவில் போடக் கூடாது.

## எங்கே போவது, என்ன கேட்பது

அரசு வழியில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் உண்டு. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருவது. பிறந்தது முதல் 18 வயது வரை இலவசம், ஸ்பீச் தெரபிஸ்டும் பல் மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்படி திட்டமிடப்பட்டது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவின் பரிந்துரையில் போகலாம், நேரடியாகவும் கேட்கலாம். தனியாரிடம் போனால், ஸ்பீச் தெரபிஸ்டுக்கு இந்திய மறுவாழ்வுக் குழுவின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். சில நாள் பட்டறை முடித்துவிட்டு நாக்கு நிபுணர் என்று பலகை வைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். பதிவு எண் கேட்டால் நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் அமர்விலேயே மூன்று கேள்வி: மூக்கைப் பார்த்தீர்களா? எட்டு வாரத்தில் எது மாறியிருக்க வேண்டும்? மாறாவிட்டால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது கேள்விக்கு "வித்தியாசம் தெரியும்" என்று பொத்தாம்பொதுவாகப் பதில் வந்தால் போதாது. டி.வி. பார்க்கும் பத்து நிமிடத்தில் வாய் எத்தனை நிமிடம் மூடியிருக்கிறது, தண்ணீரை வாயில் வைத்து எத்தனை நேரம் உட்கார முடிகிறது, நாக்கு ஒட்டியபடி எத்தனை விநாடி நிற்கிறது: இந்த மூன்றையும் முதல் நாளே எழுதிக்கொண்டு, எட்டாவது வாரத்தில் அதே மூன்றை மறுபடி அளவிடுங்கள். மூன்றும் நகரவில்லை என்றால் அமர்வுகளைக் கூட்டாதீர்கள்; மூக்கு மருத்துவரிடம் திரும்பிப் போங்கள்.